பிரிண்டரைக் கேட்டபின் கம்ப்யூட்டரை மாற்றுங்கள்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்த மளிகைக் கடையில் ஏறினாலும், எந்த மண்டியில் உட்கார்ந்தாலும் சில காலமாக ஒரே பேச்சு. "பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் முடிந்துபோய்விட்டதாமே, இனி பில் போட முடியுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டார்கள். மீதிப்பேர் யாரோ சொல்லக்கேட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். மாறியவர்களில் சிலர் ஒரே வாரத்தில் பழையபடி திரும்பியும் விட்டார்கள்.

அப்படித் திரும்பியவர்களைக் கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. "பிரிண்டர் பேசவில்லை" என்றுதான் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸுக்கு மாறுவது நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் மாறுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, பிரிண்டரை.

என்ன நடந்தது?

மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக் கொண்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தது. கம்ப்யூட்டர் அன்றே நின்றுவிடாது. ஆனால் பூட்டுப் பழுதான கடை போல ஆகிவிடும். திருடன் வரும்வரை ஒன்றும் தெரியாது.

விண்டோஸ் 11 போடலாமே என்றால், அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த பிராசஸரும் வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் நிபந்தனை. நம் கடைகளில் கல்லாப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரத்தில் வாங்கியவை, அல்லது அதற்கும் முந்தியவை. நல்ல நிலையில் ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மனம் வருமா?

லினக்ஸ் இங்கேதான் கைகொடுக்கிறது. 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயரில் கிடைக்கிறது. லைசென்ஸ் பணம் கிடையாது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இன்டர்நெட் வழியாக பில் போடும் மென்பொருள் வைத்திருப்பவருக்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் கணக்குத் தாக்கல் செய்பவருக்கும் இது போதும்.

ஆறு மூட்டை வெல்லம்

நானும் என் மண்டியில் ஒரு கம்ப்யூட்டரை மாற்றினேன். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. 2026 பொங்கலுக்கு முந்தின வாரம், சாயங்காலம் ஏழு மணிக்கு, செந்துறை, அரியலூர் பக்கத்துக் கடைகளுக்கு வெல்லமும் பச்சரிசியும் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. பில் வரவில்லை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சரக்கு முழுவதும் ரோட்டு வழிதான். பில் இல்லாமல் வண்டியை ரோட்டில் விட முடியாது. சோதனைப் படை மறித்தால் அபராதம் நம் தலையில்தான் விழும்.

பையன் பிரிண்ட் பொத்தானை அழுத்தினான். வரவில்லை. மறுபடி அழுத்தினான். "நகரு" என்று சொல்லி நானும் அழுத்தினேன். கணக்குப்பிள்ளை வந்து அவர் பங்குக்கு அழுத்தினார். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். வந்து பார்த்து, "போர்டு போய்விட்டது, புதுசு 14,000 ரூபாய் ஆகும்" என்றார். கையால் எழுதலாம் என்றால் பில் புக் அச்சடித்து நாலு வருஷமாகிவிட்டது, கட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

இராத்திரி ஒன்பதரைக்குக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் வந்தாள். பிரிண்டரை அணைத்து, பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி போட்டாள். கடகடவென்று ஒரு பக்கம் எழுத்து தானாக ஓடியது. "பெரியப்பா, பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. ரிப்பன் மாத்தும்போது யாரோ பிரிண்டரை ஆஃப் பண்ணியிருக்கீங்க. அந்த நேரத்துல பில் அனுப்பியிருக்கீங்க. கம்ப்யூட்டர் வரிசையை நிறுத்தி வெச்சிருக்கு" என்றாள். திரையில் ஒரு இடத்தில் 'ரெஸ்யூம்' என்று இருந்ததை அழுத்தினாள். அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி அழுத்தியதெல்லாம் வரிசையில் காத்திருந்தது. ஒரே பில் பத்துப் பதினைந்து தடவை வந்து விழுந்தது. சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டோம். கிழிக்காமல் தப்பிய ஒன்று குடோனுக்குப் போய்விட்டது. காலையில் வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்து, செந்துறைக் கடைக்கு ஆறு மூட்டை வெல்லத்தைச் சின்ன வண்டியில் இரண்டாம் தடவை ஏற்றி அனுப்பிவிட்டார். அந்தக் கடைக்காரர் நாணயஸ்தர். "அண்ணே, ஆறு மூட்டை கூடுதலா இறங்கியிருக்கு" என்று அவரே போன் செய்தார். எல்லோரும் அப்படிச் செய்வார்களா? பொங்கல் நெருக்கடியில் அவருக்கே தெரியாமல் விற்றுப் போயிருந்தால்?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன், சரக்கு சிதறியது. குற்றம் லினக்ஸின் மீதும் இல்லை, பிரிண்டர் மீதும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ளாத என் மீதுதான்.

நடுவில் இருக்கும் புக்கிங் கிளார்க்

அந்த நடுவில் இருப்பதன் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999-ல் வெளிவந்தது. ஆப்பிள் கம்பெனி 2002-ல் தன் கம்ப்யூட்டர்களில் இதையே சேர்த்துக் கொண்டு, 2007-ல் உரிமையையும் வாங்கியது. ஆகவே இலட்ச ரூபாய் ஆப்பிள் கம்ப்யூட்டரிலும், நம் பத்து வருஷப் பழைய பெட்டியில் ஏற்றிய லினக்ஸிலும் அச்சடிக்கும் வேலையைச் செய்வது ஒரே சரக்குத்தான். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

இதை லாரி செட்டில் இருக்கும் புக்கிங் கிளார்க் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாம் கொடுக்கும் ஒவ்வொரு பில்லும் ஒரு பார்சல். கிளார்க் அவற்றை வரிசைப்படி எண் போட்டு அடுக்குவார். பிரிண்டர்தான் லாரி. லாரி வந்தால் ஏற்றி அனுப்புவார். ஒரு தடவை லாரி வரவில்லை என்றால் சில இடங்களில் கிளார்க் "புக்கிங் நிறுத்தம்" என்று பலகை மாட்டிவிடுவார். லாரி பிறகு வந்து நின்றாலும் பலகையைத் தானாக எடுக்கமாட்டார். நாம் போய் எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்குள் நாம் கொடுக்கும் பார்சலை வேண்டாம் என்றும் சொல்லமாட்டார், எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக் கொண்டே இருப்பார். என் மண்டியில் நடந்தது இதுதான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இலவச மென்பொருள் இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர் தகராறு காரணம். 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக் கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கினால் உபயோகிப்பவர் கம்ப்யூட்டரில் தகவல் வருமாறு செய்ய நினைத்தார். அதற்கு அந்த மென்பொருளின் மூல வடிவம் வேண்டும். கேட்டார், கிடைக்கவில்லை. வாங்கிய பொருளை நாமே பழுது பார்க்க முடியாதென்றால் அது யாருடைய பொருள் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. 1983 செப்டம்பரில் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். பிற்பாடு அதோடு டோர்வால்ட்ஸின் வேலையும் சேர்ந்துதான் இன்றைய லினக்ஸ். நம் கடையில் பேப்பர் சிக்கும்போது வரும் கோபம் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

பில் வராவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை

சர்வீஸ்காரரைக் கூப்பிடுமுன் இந்த வரிசைப்படி பாருங்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாது.

1. முதலில் பிரிண்ட் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். ஒரு தடவை அனுப்பியது போதும்.

2. பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும், ரோல் பேப்பர் தெர்மல் பிரிண்டரையும் அணைத்துவிட்டு, பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்தியபடியே போட்டால் பெரும்பாலானவை தானாக ஒரு சோதனைத் தாளை அடிக்கும். அடித்தால் பிரிண்டர் நலம். பிறகு போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

3. கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் தெரிகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'டெர்மினல்' என்ற கறுப்புப் பலகையைத் திறந்து, எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சின்ன எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால், யு.எஸ்.பி. வழியாக மாட்டியிருக்கும் பொருள்களெல்லாம் வரிசையாக வரும். அதில் பிரிண்டர் இல்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் மாட்டுங்கள். எலி கடித்த கேபிளைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி.

4. வரிசை நிற்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட் பார்க்கும் பலகையில் மேலே முகவரி எழுதும் இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல், அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து 631 என்று அடித்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் திறக்கும், ஏனென்றால் அது நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பது. அதில் 'பிரிண்டர்ஸ்' என்ற இடத்துக்குப் போய், நம் பிரிண்டரின் பெயரைத் தொட்டால் அதன் நிலைமை தெரியும். 'பாஸ்டு' என்றோ 'ஸ்டாப்டு' என்றோ இருந்தால் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

5. அவிழ்ப்பதற்கு முன் பழைய பில்களை ரத்து செய்யுங்கள். இதைத்தான் என் தம்பி மகளும் அன்று அவசரத்தில் மறந்தாள். 'கேன்சல் ஆல் ஜாப்ஸ்' முதலில், 'ரெஸ்யூம் பிரிண்டர்' அடுத்து. பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும். கம்ப்யூட்டரில் நுழையக் கொடுக்கும் அதே இரண்டுதான். ஆனால் அதிகாரம் பெற்றவர் பெயராக இருக்க வேண்டும். பையனுக்குத் தனிப் பெயர் போட்டுக் கொடுத்திருந்தால் அவனால் இதைச் செய்ய முடியாமல் போகலாம். நம்பிக்கையான ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து வையுங்கள்.

6. அதே பக்கத்தில் பிரிண்டர் நின்றால் என்ன செய்வது என்று கேட்கும் 'எரர் பாலிசி' ஒன்று உண்டு. அதை 'ரீட்ரை ஜாப்' என்று மாற்றி வைத்தால் கிளார்க் பலகை மாட்டமாட்டார். பிரிண்டர் வந்ததும் தானே அனுப்பிவிடுவார்.

7. எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? பில் வேறு எங்கோ போகிறது. ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் பதிவாகியிருக்கலாம். அல்லது 'பி.டி.எஃப்.' என்ற பெயரில், தாளில் அடிக்காமல் கோப்பாகச் சேமிக்கும் ஒன்று முதலாவதாக நிற்கலாம். வேண்டாத பெயரை நீக்கி, உரியதை 'டீஃபால்ட்' ஆக்குங்கள்.

8. வை-ஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு: கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பழைய எண்ணையே தேடிக் கொண்டிருக்கும். ரூட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் கரண்ட்டுக்கு இது மிக அவசியம்.

வந்தாலும் கோணலாக வந்தால்

சில கடைகளில் பில் வருகிறது, ஆனால் கொக்கி கொக்கியாகப் புரியாத எழுத்தாக வருகிறது. அது மொழி மாறாட்டம். ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு மொழி உண்டு. கடைகளில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பெரும்பாலும் எப்சன் கம்பெனி வகுத்த மொழியைப் பேசும். வேறு கம்பெனிப் பெயர் போட்டிருந்தாலும் அந்த மொழி தெரிந்திருக்கும். கப்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது அதன் கையேட்டைப் பார்த்து, 9 ஊசியா 24 ஊசியா என்று தெரிந்து கொண்டு, அதற்குப் பொருத்தமான எப்சன் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் சிலருக்கு மூன்று அங்குல ரோலில் பில்லுக்குக் கீழே ஒரு முழம் வெற்றுத்தாள் ஓடுகிறது. கம்ப்யூட்டர் அதை ஏ4 தாள் என்று நினைத்துக் கொண்டிருக்கிறது. தாள் அளவை 80 மில்லிமீட்டர் என்றோ, இரண்டு அங்குல ரோலாக இருந்தால் 58 மில்லிமீட்டர் என்றோ மாற்றுங்கள். லேசர் பிரிண்டர் தாள் இருந்தும் தாள் கேட்டால் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏ4 ஆக்க வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸில் பில் ஊர்ந்து ஊர்ந்து வருகிறதென்பது இன்னொரு புகார். எழுத்தாக அனுப்பினால் வேகமாக ஓடும், படமாக அனுப்பினால் ஊரும். இன்டர்நெட் பலகையிலிருந்து அனுப்பும் பில் படமாகத்தான் போகும். தமிழில் பில் போட்டாலும் அப்படியே, ஏனென்றால் சாதாரண டாட் மேட்ரிக்ஸின் உள்ளே தமிழ் எழுத்து இல்லை. வேகம் வேண்டுமானால் எழுத்தாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பில் மென்பொருள் விற்பவரைக் கேளுங்கள். எனக்குத் தமிழ் பில்தான் வேண்டும். கடைக்காரர் படித்துப் புரிந்து கொள்ளும் பில்லுக்கு அரை நிமிஷம் கூடுதலாகப் போனால் போகட்டும்.

எந்தப் பிரிண்டரோடு மாறுகிறோம்?

மொத்த வியாபாரிகளாகிய நாம் இன்னும் டாட் மேட்ரிக்ஸை விடாததற்குக் காரணம் உண்டு. சரக்கு பில் மூன்று படி போட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. கார்பன் வைத்து மூன்றையும் ஒரே ஓட்டத்தில் அடிப்பது அதுதான். தெர்மல் ரோல் சில்லறைக் கடைக்குச் சௌகரியம், ஆனால் எழுத்து மங்கிவிடும். கணக்குப் பதிவுகளை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே தெர்மல்காரர்கள் கம்ப்யூட்டரில் ஒரு படி சேமித்து, பென் டிரைவிலும் எடுத்து வைக்க வேண்டும்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் லினக்ஸோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். தகராறு செய்பவை சில லேசர் பிரிண்டர்கள்தான். நம் பக்கம் நிறைய இருக்கும் எச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு தடவை போடும்போதும் அது இயங்குவதற்கான நிரலைக் கம்ப்யூட்டர்தான் ஊட்ட வேண்டும். எச்.பி. கம்பெனியே லினக்ஸுக்காக எச்.பி.எல்.ஐ.பி. என்ற மென்பொருள் தருகிறது. அதோடு தனியாக ஒரு இணைப்பையும் இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். அது தெரியாதவர்கள் பிரிண்டர் கெட்டுவிட்டதென்று ஓரம் கட்டிவிடுகிறார்கள். கேனன் எல்.பி.பி. 2900-ம் நம் பக்கம் நிறைய உண்டு. அது கேப்ட் என்ற தனி மொழி பேசுவது. அதை லினக்ஸில் ஓட வைக்க விவரம் தெரிந்தவர் கை வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் பெட்டியின் மேல் 'ஏர்பிரிண்ட்' என்றோ 'ஐ.பி.பி. எவ்ரிவேர்' என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவை தனி டிரைவர் கேட்காத வகை. லினக்ஸ் தானே கண்டுபிடித்துக் கொள்ளும். கப்ஸை நடத்துபவர்கள் பழைய முறை டிரைவர்களை வருங்காலத்தில் கைவிடப் போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இனி வாங்கும் பணம் அந்த வகைக்கே போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்கிறேன். லினக்ஸைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமலே பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் உபுண்டுவையோ மின்ட்டையோ போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டலாம். உள்ளே இருக்கும் விண்டோஸும் கணக்கும் அப்படியே இருக்கும். அந்த நிலையில் நம் பிரிண்டரை மாட்டி, நிஜமான பில் ஒன்றை அடித்துப் பாருங்கள். வந்தால் மாறுங்கள். வராவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி வியாபாரத்தைப் பாருங்கள். பருப்பு வாங்கும்போது சாக்கில் குத்தூசி விட்டு மாதிரி பார்க்காமல் யாராவது லோடு இறக்குவோமா? இதுவும் அப்படித்தான்.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

"டேலி ஓடாதே?" என்கிறார்கள். உண்மை. டேலி விண்டோஸுக்கென்று செய்தது. அதை விட முடியாதவர்கள் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே வைத்துக் கொண்டு, பில் போடும் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றலாம். ஒரே கம்ப்யூட்டரும் டேலியும் மட்டும் உள்ளவர்களை மாறச் சொல்ல நான் துணியமாட்டேன்.

"திருட்டு விண்டோஸ் 200 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்களே?" என்றும் கேட்கிறார்கள். கலப்படத் தராசு வைத்திருப்பவனை நாமே சங்கத்தில் கண்டிக்கிறோம். நம் கல்லாப் பெட்டியில் மட்டும் திருட்டுச் சரக்கு இருக்கலாமா? அது மட்டுமல்ல, அப்படிப் போடுபவர் உள்ளே வேறு என்ன போட்டுவிட்டுப் போகிறார் என்று நமக்குத் தெரியாது.

"நம் ஊரில் யாருக்கு இது தெரியும்?" என்பது மூன்றாவது. தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-ஐ ஒட்டியே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் கையில் வந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸோடு அந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. விழுப்புரத்தில் இளைஞர்கள் சங்கமாகக் கூடி இலவசமாக இதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே முடியாதா?

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

தனித்தனியாகப் பாடுபடுவதைவிடச் சேர்ந்து செய்தால் செலவு குறைவு. நம் சங்கத்துக்கு நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, சங்க அலுவலகத்தில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஐந்தாறு இருக்கட்டும். உறுப்பினர் வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

இரண்டாவது, எந்தக் கடையில் எந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரு குறிப்பேடு போடுவோம். பெயர், மாடல் எண், போட்ட டிரைவர், தாள் அளவு ஆகிய நான்கும் எழுதினால் போதும். முப்பது கடை எழுதினால் இரண்டு மாவட்டத்துக்கும் வழிகாட்டி ஆகிவிடும். புதுப் பிரிண்டர் விற்க வருபவரிடமும் அதைக் காட்டிப் பேசலாம்.

மூன்றாவது, பெரம்பலூரில் இரண்டு பேர், அரியலூரில் இரண்டு பேர் என்று கல்லூரி முடித்த பிள்ளைகளைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வந்து பார்ப்பதற்கு நியாயமான கூலி நிர்ணயிப்போம். அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் பயமில்லை.

நான்காவது, ஒவ்வொரு கடையிலும் கையால் எழுதும் பில் புக் ஒன்று கல்லாவுக்குக் கீழே இருக்கட்டும். அதற்குத் தனி வரிசை எண் போட்டுக் கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை ஜி.எஸ்.டி. விதி அனுமதிக்கிறது. கரண்ட் போனாலும், பிரிண்டர் நின்றாலும் லாரி நிற்கக் கூடாது.

பில் மென்பொருள் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பில்லை இரண்டாம் தடவை அடித்தால் அதன் தலையில் 'நகல்' என்று தானாக விழும்படி செய்து கொடுங்கள். அது இருந்திருந்தால் என் ஆறு மூட்டை வெல்லம் குடோனை விட்டுக் கிளம்பியிருக்காது. இதை இன்னும் கேட்காமல் இருக்கும் குற்றம் எங்களுடையதும்தான். இனிமேல் மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்போம்.

இப்போது என் மண்டியில் பிரிண்டருக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். அதில் மூன்று வரி. "ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதே. பழையதை ரத்து செய். பிறகு அவிழ்த்து விடு." புதிதாக வேலைக்கு வரும் பையனுக்குத் தராசைக் காட்டும் நாளிலேயே அந்த அட்டையையும் காட்டுகிறேன். உறுப்பினர்களும் தங்கள் கடையில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.